ரெண்டு பக்கமும் கேட்டவர்

இங்க ஆள் வருதா சார்? இல்லையா, நல்லதாப் போச்சு. கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகருங்க, இந்தக் காலை நீட்டிக்கிறேன். மடக்கி வச்சா அஞ்சு நிமிஷம்கூடத் தாங்காது. அந்தா, முன்னாடி லேடீஸ் சீட்ல பச்சைச் சுடிதார் போட்டு உக்காந்திருக்கே, அது என் மருமக. அமலின்னு பேரு. காலையில இருந்து ஒரு மாதிரியா இருக்கா, அதான் தனியா உக்காரட்டும்னு விட்டுட்டேன். சென்னையில விசா ஆபீஸ்ல மதியம் வரச் சொல்லியிருக்காங்க. மதியத்துக்குள்ள போயிரும்ல இது? ஈ.சி.ஆர். பஸ் எல்லாம் நிறைஞ்சு போச்சு, இது திண்டிவனம் சுத்திப் போகுது. டிரைவர் மெதுவாத்தான் ஓட்டுறான். வேகமா ஓட்டுனாலும் எனக்குப் பயம், மெதுவாப் போனாலும் எரிச்சல்.

சத்தமாப் பேசுறேன்னு பாக்காதீங்க. காது கொஞ்சம் மந்தம். பட்டாளத்துல இருந்தேன். இல்ல இல்ல, நம்ம பட்டாளம் இல்ல, பிரெஞ்சுப் பட்டாளம். புதுச்சேரியில எங்களைச் சொல்தான்னு சொல்வாங்க, கேள்விப்பட்டிருப்பீங்களே. ஊரு இங்க, பாஸ்போர்ட்டு அங்க, பென்சனும் அங்க இருந்து. ஆப்பிரிக்காவுல ஜிபூத்தியில இருந்தேன், அப்புறம் ரெயூனியன் தீவுல இருந்தேன். காது போனது பீரங்கியால இல்ல சார், சிரிக்காதீங்க. நான் ஸ்டோர்ல இருந்தேன். மாவு, வெண்ணெய், பூட்ஸ், போர்வை. பக்கத்துல ஜெனரேட்டர் ஓடிக்கிட்டே இருக்கும், அதுல போச்சு. என் பேரு ஆரோக்கியநாதன். அங்க எல்லாரும் எத்தியேன்னு கூப்பிடுவாங்க. எதுல கூப்பிட்டாலும் திரும்புவேன்.

எங்களுக்கு அந்த நாட்டு ஓட்டும் உண்டு, அது தெரியுமா உங்களுக்கு? வெளிநாட்டுல இருக்கிற பிரெஞ்சுக்காரங்களுக்குன்னு தனியா எம்.பி. இருக்காங்க. எங்க எம்.பி.யோட தொகுதி எவ்வளவு பெருசு தெரியுமா, பாதி உலகம். இங்க ஒரு கூட்டம், சிங்கப்பூர்ல ஒரு கூட்டம், ஆஸ்திரேலியாவுல ஒரு கூட்டம். ஆனா மொத்தமா ஒரே இடத்துல விழுற ஓட்டு எங்க புதுச்சேரி ஓட்டுதான்னு நான் அடிச்சுச் சொல்வேன். அங்க பாரிஸ்ல உக்காந்து கணக்குப் போடுறவன் ஒத்துக்க மாட்டான். ஒத்துக்கலைன்னா போறான்.

போன தேர்தலுக்கு முன்னாடி என்ன நிலைமைன்னா, பாராளுமன்றத்துல யாருக்கும் மெஜாரிட்டி இல்ல. மெஜாரிட்டி இல்லைன்னா ஒரு சட்டம் போட முடியாது, தினம் சண்டை, மாசத்துக்கு ஒரு மந்திரி. ஒரு பக்கம் இருக்கிறவன், எல்லாத்தையும் எல்லாருக்கும் கொடுத்துருவோம்ங்கிறான். இன்னொரு பக்கம் இருக்கிறவன், எல்லாரையும் வெளிய தள்ளிருவோம்ங்கிறான். நடுவுல ஒரு கட்சி இருக்கு. நிதானமான ஆளுங்க, நல்லா உடுத்துறவங்க, கத்த மாட்டாங்க. எனக்கு அவங்களைத்தான் பிடிக்கும். நான் பிறவியிலேயே நடு சார். எங்க வீட்டுல நாங்க மூணு பேர், நான் நடுப்பிள்ளை. அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்னு போச்சு, நான் ரெண்டு பேர் வீட்டுலயும் சாப்பிடுவேன். அந்த வீட்டுல சொன்னதை இந்த வீட்டுல சொன்னதில்ல.

அதனால நான் இறங்கி வேலை பார்த்தேன். நீங்க நினைக்கிற மாதிரி சும்மா நோட்டீஸ் கொடுக்கிற வேலை இல்ல. அவங்க நாட்டுல ஓட்டுக் கேக்குறது செத்த வீடு மாதிரி இருக்கும், அஞ்சு பேர் நின்னு காகிதம் கொடுப்பான். நான் நம்ம ஊர் முறையில பண்ணேன். எங்க ஆளு, அதான் இப்ப எங்க எம்.பி., பாரிஸ்ல இருந்து விமானத்துல வந்தப்போ பொன்னாடை, ஆரத்தி, மாலை, ஆட்டோவுல மைக். இவ்வளவு பெரிய பேனர் வச்சேன், அவர் கை கூப்பி நிக்கிற மாதிரி. அவர் கை கூப்புற போட்டோவே இல்ல சார், வேற யாரோ கையை எடுத்து ஒட்டினோம். அந்தக் கையில மருதாணி இருந்துச்சு, அதைக் கடைசியிலதான் கவனிச்சோம். கான்சுலேட் ஆளு ஓடி வந்து, இதெல்லாம் எங்க சட்டத்துல கிடையாது, எடுங்கன்னான். எடுத்துட்டேன். எடுக்கிறதுக்குள்ள எல்லாரும் பார்த்தாச்சு.

மொரட்டாண்டி டோல் வந்துருச்சா? இப்பதானா? என்ன சார் இது, நடந்து போனாலே போயிருக்கலாம்.

கூட்டம் ரெண்டு போட்டேன். அதைச் சொல்லணும் உங்களுக்கு. எங்க எம்.பி. பிரெஞ்சுல பேசுவார், நான் தமிழ்ல சொல்லணும். எங்க ஆளுங்கள்ல வயசானவங்களுக்கு பிரெஞ்சு வரும், ஆனா இந்தப் படிச்சவன் பிரெஞ்சு வராது. பட்டாளத்துல நாங்க கத்துக்கிட்டது உக்காரு, எந்திரி, சாப்பாடு எங்க, அவ்வளவுதான்.

மொத கூட்டம் பெத்தாங்க் விளையாடுற திடல்ல. இரும்புக் குண்டை உருட்டுவோமே, அந்த ஆட்டம். அங்க வர்றவன் பூரா பென்சன்காரன், அதுல பாதிப் பேர் அந்தத் தள்ளு தள்ளுங்கிற கட்சிக்கு ஓட்டுப் போடுறவன். பிலவேந்திரன்னு என் கூட்டாளி, எனக்கு ஜோடியா ஆடுறவன், அவன்தான் தலைவன். அவன் புள்ளைங்க நாலும் அங்கதான் இருக்கு. இவன் சொல்றான், இனிமே வர்றவனை நிறுத்தணும், நாடு கெட்டுப் போச்சுன்னு. நீ போனியே, உன் புள்ளை போனானேன்னா, அது வேற, இது வேறங்கிறான். அந்தக் கூட்டத்துல எங்க எம்.பி. எந்திரிச்சு என்ன சொன்னார்னா, வெளிய இருந்து வர்றவங்க விஷயத்துல நாங்க உறுதியாவும் இருப்போம், மனிதாபிமானத்தோடவும் இருப்போம்னார். ரெண்டு பாதி. நான் பார்த்தேன், இவனுங்க முகம் எப்படி இருக்குன்னு. மொதப் பாதியை மட்டும் தமிழ்ல சொன்னேன். கண்டிப்பா நிறுத்திருவார், கவலைப்படாதீங்கன்னேன். பிலவேந்திரன் குண்டைக் கீழ வச்சுட்டுக் கை தட்டினான்.

மறுநாள் கோயில் பக்கத்து மண்டபத்துல பொம்பளைங்க கூட்டம். அங்க வந்ததெல்லாம் மாமியாருங்க, மருமகளுங்க. பையன் அங்க, பொண்டாட்டி இங்க, விசாவுக்குக் காத்துக்கிட்டு இருக்கிற கூட்டம். எங்க வீடும் அப்படித்தான். என் பையன் ஜில்பேர் கல்யாணம் முடிச்ச கையோட கிளம்பிட்டான், இவ எங்ககூட இருக்கா. அந்தக் கூட்டத்துலயும் எங்க எம்.பி. அதே பேச்சுதான் சார், ஒரு எழுத்து மாத்தல. உறுதி, மனிதாபிமானம். இங்க நான் ரெண்டாவது பாதியைச் சொன்னேன். பொய்யா? நீங்களே சொல்லுங்க, பொய்யா அது? அவர் சொன்னதைத்தான் சொன்னேன். முழுசாச் சொல்றதுக்கு நேரம் இல்ல, டீ ஆறிக்கிட்டு இருந்துச்சு.

அங்கதான் அமலி வாயைத் திறந்தா. இவளுக்கு ஓட்டுக் கிடையாது, இவ இந்தியாக்காரி. டீ கொடுக்க வந்தவ, டிரேயைக் கையில வச்சுக்கிட்டே கேட்டா, நீங்க ஜெயிச்சா எங்களை எங்க புருஷன்கிட்ட சேர்த்து வைப்பீங்களான்னு. நான் பிரெஞ்சுல சொன்னேன். அவர் நெஞ்சுல கையை வச்சு, இது என் இதயத்துக்கு நெருக்கமான விஷயம்னார். அது பதில் இல்லதான். நான் தமிழ்ல, கண்டிப்பா சேர்த்து வைப்பேன்னு சொல்றார்மா, அப்படின்னேன். அவ சிரிச்சா பாருங்க. கல்யாணத்துலகூட அப்படிச் சிரிக்கல.

அதுக்கப்புறம் அவளை நிறுத்த முடியல சார். தெருத் தெருவா வந்தா என்கூட. நான் போனா, வாங்க முசே, அதான் ஐயா, உக்காருங்கன்னு சொல்லிட்டுப் பேச்சை மாத்திருவாங்க. அவ போனா பொம்பளைங்க கதவைத் திறந்து உள்ள கூப்பிட்டு வச்சுக்குவாங்க. என் கதையைப் பாருங்கக்கா, நீங்க ஒரு ஓட்டுப் போட்டா நான் போய்ச் சேருவேன்னு சொல்வா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டா. ஓட்டு இல்லாத பொண்ணு, எனக்குத் தெரிஞ்சு எங்க வட்டாரத்துல அதிகமா ஓட்டுச் சேர்த்தது அவதான். அதை நான் எங்க வேணா சொல்வேன்.

ஜெயிச்சோம். எங்க ஆளும் ஜெயிச்சார், நடுக்கட்சிக்கு மெஜாரிட்டியும் வந்துச்சு. சும்மா ஒட்டிக்கிட்டு வந்த மெஜாரிட்டி, நாலஞ்சு சீட்டு கூட. எங்க சீட்டு இல்லைன்னா கஷ்டம்தான்னு டி.வி.யில ஒருத்தன் சொன்னான், என் காதால கேட்டேன். வாசல்ல வெடி வெடிச்சேன். பிலவேந்திரன் வந்து லட்டு சாப்பிட்டான், இனிமே எவனும் உள்ள வர மாட்டான்னான். அமலி இன்னொரு லட்டு எடுத்து அவனுக்கு ஊட்டி விட்டா, இனிமே நான் போயிருவேன் மாமான்னா. ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாங்க சார். ஒரே தட்டு லட்டு. அரசியல்ல எத்தனை பேரால இதைச் செய்ய முடியும்?

தண்ணி இருக்கா உங்ககிட்ட? கொடுங்க. வாயே காஞ்சு போச்சு. போன் அடிச்சுதா? இல்ல, என் போன் இல்ல. என் பையன் அங்க இந்நேரம் தூங்கிக்கிட்டு இருப்பான்.

அப்புறம் அந்த மசோதா வந்துச்சு. கொண்டு வந்ததே எங்க மந்திரிதான், நடுக்கட்சி மந்திரி. பொண்டாட்டியைக் கூப்பிடணும்னா புருஷனுக்கு இவ்வளவு சம்பளம் இருக்கணும், தனி வீடு இருக்கணும், அவளுக்கு மொழி தெரிஞ்சிருக்கணும். அமலி மொழிப் பரிட்சையை மொதத் தடவையே முடிச்சுட்டா, என்னைவிட நல்லாப் பேசுறா. ஜில்பேருக்குச் சம்பளம் எங்க இருக்கு? கிடங்குல பெட்டி அடுக்குறான், நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம்ல இருக்கான். அன்னைக்கு எங்க வீட்டுல எல்லாரும் டி.வி. முன்னாடி உக்காந்துட்டோம். என் சம்சாரம் மதலேன் ஜெபமாலை வச்சுக்கிட்டு இருந்தா. அமலி தரையில உக்காந்திருந்தா. நம்ம எம்.பி. எதிர்த்துத்தான் போடுவார், நெஞ்சுல கை வச்சாரே, அப்படின்னு அவளுக்கு ஒரே நம்பிக்கை.

சட்டம் பாஸாயிருச்சு. மூணே ஓட்டு வித்தியாசம்.

எங்க ஆளு எதிர்த்துப் போடல. ஆதரிச்சும் போடல. உக்காந்துட்டார். அப்படி ஒரு வழி இருக்கு சார் அங்க, யாருக்கும் இல்லாம இருக்கலாம். அவரோட சேர்ந்து இன்னும் எட்டுப் பத்துப் பேர் அப்படி உக்காந்துட்டாங்க. அமலி என்னைப் பார்த்து, ஏன் மாமான்னா. நான் சொன்னேன், அவரு நிலைமையையும் பாக்கணும்ல, பிலவேந்திரன் மாதிரி ஆளுங்களும் அவருக்குத்தானே ஓட்டுப் போட்டிருக்காங்க. எதிர்த்திருந்தா அவங்களுக்குத் துரோகம், ஆதரிச்சிருந்தா நமக்குத் துரோகம். அவர் ரெண்டு பேருக்கும் துரோகம் பண்ணல. அவ எந்திரிச்சுப் போய் அடுப்புல பால் வச்சா.

நான் அவருக்கு மெயில் போட்டேன். பதில் வந்துச்சு சார், எம்.பி.கிட்ட இருந்து நேரடியா. ரெண்டு பக்க நியாயத்தையும் கேட்டேன், மனசு ரொம்பக் கனமா இருந்துச்சுன்னு எழுதியிருந்தார். எத்தனை எம்.பி. இப்படி எழுதுவான்? எழுதவே மாட்டான். அடுத்த தடவையும் அவருக்குத்தான் வேலை பார்ப்பேன். வேற யாரு இருக்கா? அந்தப் பக்கமும் பைத்தியம், இந்தப் பக்கமும் பைத்தியம்.

இது கிளியனூரா? அப்ப திண்டிவனத்துக்கு இன்னும் கொஞ்சந்தான். அந்த விசிறியை நிறுத்தச் சொல்லலாமா, சத்தம் தாங்கல. இல்ல, இருக்கட்டும். நிறுத்தினா வேர்க்கும்.

சார், ஒரு விஷயம் சொல்றேன், மனசுக்குள்ள வச்சுக்கிட்டே இருக்க முடியல. நீங்க யாரோ, நான் யாரோ, அதனால சொல்லலாம். போன மாசம் ஜில்பேர் போன் பண்ணான். அமலி கடைக்குப் போயிருந்தா. அப்பா, எனக்கு முடியல, இது சரிப்பட்டு வரும்னு தோணல, இங்க எனக்கு ஒருத்தியோட பழக்கம் ஆயிருச்சு, நான் என்ன பண்ணட்டும்னு கேட்டான். அழுதான் சார். ஆம்பளைப் புள்ளை அழுதா எனக்குத் தாங்காது. நான் சொன்னேன், பாருப்பா, உன் பக்கமும் நியாயம் இருக்கு, எத்தனை வருஷம்தான் தனியா இருப்ப. அவ பக்கமும் நியாயம் இருக்கு, உன்னை நம்பி உக்காந்திருக்கா. நீ எந்த முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம்னேன். அவன், அப்ப நீங்க வேண்டாம்னு சொல்லலைல்லன்னான். நான் வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லலன்னேன். வச்சுட்டான். அதுக்கப்புறம் அவளுக்குப் போன் பண்றதைக் குறைச்சுட்டான்.

மதலேன் மகன் பக்கம். அவளுக்கு அவன் என்ன செஞ்சாலும் சரி. அமலிக்கு இந்த விஷயம் தெரியாது. சந்தேகப்படுறா. ரெண்டு நாளைக்கு முன்னாடி என்கிட்ட வந்து, மாமா, நீங்க பட்டாளத்துல இருந்தவர், உங்க பேச்சுக்கு அவர் கட்டுப்படுவார், ஒண்ணு இங்க வந்துருன்னு சொல்லுங்க, இல்ல அமலியை விட்டுருன்னு சொல்லுங்க, நீங்க எதைச் சொன்னாலும் ஏத்துக்கிறேன்னா. நான் எப்படிச் சொல்றது சார்? ஒரு பக்கம் பெத்த புள்ளை, ஒரு பக்கம் நம்பி வந்த பொண்ணு. அவகிட்ட அந்தப் போன் விஷயத்தைச் சொன்னா புள்ளையைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிரும். அவன்கிட்ட நீ செய்யிறது தப்புன்னு சொன்னா இவ பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிரும். அதான் விசா ஆபீஸுக்கு மறுபடி ஒரு தடவை போட்டுப் பாத்துருவோம்னு கூட்டிக்கிட்டு வந்தேன். கிடைச்சா கிடைக்கட்டும். கிடைக்கலைன்னா சட்டம் கொடுக்கலைன்னு ஆயிரும், யாரும் யாரையும் சொல்ல வேண்டியது இல்ல.

என்ன, திரும்பிப் பாக்குறா. ரொம்பச் சத்தமாப் பேசிட்டேனா? இல்ல, இந்த இரைச்சல்ல கேட்டிருக்காது. கேட்டிருக்குமா சார்? நீங்க எனக்குப் பக்கத்துல இருக்கீங்க, உங்களுக்குக் கேக்கும். அவ ரெண்டு சீட் தள்ளி. கேட்டிருக்காது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா பாருங்க, வெயில் அடிக்குது போல.

திண்டிவனம் வந்துருச்சு. பத்து நிமிஷம் நிப்பான். நீங்க டீ குடிக்கப் போறீங்களா? போயிட்டு வாங்க, சீட்டை நான் பாத்துக்கிறேன்.

வாங்க சார், வாங்க. பின்பக்கப் படியில ஓடி வந்து ஏறிட்டீங்களா? உக்காருங்க. நீங்க இறங்கின உடனே எந்திரிச்சு வந்தா சார். இங்கதான், இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. எல்லாம் கேட்டுச்சு மாமான்னா. கோபமாச் சொல்லல, அழவும் இல்ல. இவ ஊரே இதுதான் சார், திண்டிவனம், அம்மா வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. இப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் சென்னைக்கு வரணுமா, இங்க இறங்கணுமா, நீங்க வான்னா வர்றேன், அவர்கிட்ட நானே நேர்ல போய்ப் பேசிக்கிறேன்னா. எவ்வளவு நேரம் நின்னா தெரியுமா. முன்னாடி சீட்டுக்காரன் திரும்பிப் பாக்குறான். பின்னாடி குழந்தை அழுதுக்கிட்டு இருக்கு. நான் என்ன சொல்வேன்? உன் இஷ்டம்மா, நீ எது செஞ்சாலும் மாமாவுக்குச் சம்மதம்னேன். நல்லவிதமாத்தானே சொன்னேன்? கட்டாயப்படுத்தலையே?

ஜில்பேருக்கும் இதைத்தானே சொன்னீங்கன்னா. அவ்வளவுதான். பையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டா.

நான் சும்மா உக்காந்திருக்கல சார். எந்திரிச்சுப் போனேன், அந்தப் படி வரைக்கும் போனேன். அமலி, அமலின்னு கூப்பிட்டேன். அவ ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் நடந்துக்கிட்டு இருந்தா. கண்டக்டர் கத்துறான், பெரியவரே, ஒண்ணு இறங்குங்க, இல்ல ஏறுங்க, வழியை மறிக்காதீங்கன்னு. யோசிக்க விடுறானா? இறங்கிப் போனா நான் அவ பக்கம்னு வீட்டுல மதலேன் சொல்வா. இறங்காம இருந்தா அவன் பக்கம்னு இவ சொல்வா. ஒரு நிமிஷம் இருப்பான்னா, விசில் அடிச்சுட்டான். பஸ் நகருது. இந்த வயசுல ஓடுற பஸ்ல இருந்து குதிக்க முடியுமா?

விசா ஆபீஸுக்கு அவ இல்லாமப் போய் என்ன பண்றதுன்னு தெரியல. ஆனா சொன்ன நேரத்துக்குப் போகணும்ல. போய், பொண்ணுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லி வேற தேதி வாங்கலாம். வாங்காமலும் இருக்கலாம்.

ஜில்பேருக்கு இப்பப் போன் பண்ணட்டுமா? என்னன்னு சொல்றது? நீங்க கீழ டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்தீங்களே சார், உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். நான் எந்திரிச்சேன்ல? படி வரைக்கும் வந்தேன்ல? நாளைக்கு யாராவது கேட்டா நீங்க சொல்லணும், பெரியவர் எந்திரிச்சு வந்தாருன்னு. உங்க நம்பரைக் கொடுங்க.